கரையோர முகங்கள்

சென்னைக் கடற்கரையில் நிழற்படக் கருவியோடு நடந்த எவரும் ஒருமுறையேனும் எடுத்திருக்கக்கூடிய படம் ஒன்று உண்டு. கீழ்வானில் கதிரவன் எழுந்து ஒரு சாண் உயர்ந்திருக்கும். கடல் வெள்ளித் தகடாய் மின்னும். அதன் முன்னே வலையை உதறும் ஒருவரோ, படகைக் கரையேற்றும் நால்வரோ, தலைமுதல் கால்வரை மையில் தோய்த்தெடுத்தாற்போன்ற கரிய உருவங்களாய் நிற்பர். நாட்காட்டிகளில் இதைக் காண்கிறோம். கண்காட்சிகளில் காண்கிறோம். பேதுருவையும் அந்திரேயாவையும் பற்றிய மறையுரைத் தொகுப்புகளின் அட்டைகளிலும் இதையொத்த படங்களைக் கண்டிருக்கிறோம். அழகான படந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் முகம் இல்லை.

இந்தக் குறையை நாம் உணர்ந்தது ஊரூர் ஒல்காட் குப்பத்தில். அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் மரத்தோப்புக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையே அமைந்த மீனவர் ஊர் அது. 1882இல் அச்சபையின் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான கர்னல் ஒல்காட்டின் பெயர் குப்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கடற்கரையோரமாகத் தெற்கே சற்று நடந்தால் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலம். ஆண்டுதோறும் கொடியேற்றத்துக்கும் தேர்பவனிக்கும் அங்கே சென்றுவரும் நம்மில் பலர், இக்குப்பத்தைக் காற்றில் வரும் கருவாட்டு வாடையாக மட்டுமே அறிந்திருப்போம். 2015இல் இங்கே கலை விழா ஒன்று தொடங்கப்பட்டபோதுதான் நகரத்தார் பலர் இதனுள் காலெடுத்து வைத்தனர். அவர்களுள் நிழற்படக் கருவி ஏந்தியவர்களும் இருந்தனர்.

முகமற்ற அந்தப் படம் ஏன் அத்தனை எளிதாகக் கிடைக்கிறது? கிழக்குக் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுகிறான். நகரத்திலிருந்து வருபவர் நிலத்தில் நின்று கடலை நோக்குகிறார். மீனவர் இடையில் நிற்கிறார். ஒளி அவருக்குப் பின்னால் இருக்கிறது. இது ஒரு காரணம். மற்றொன்று கருவியின் உள்ளே இருப்பது. ஒளியை அளக்கும் மானி தான் காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே எண்ணிக்கொள்ளும். வெண்மணலையும் ஒளிவீசும் நீரையும் அதன் முன் காட்டினால், ஒளி மிகுந்துவிட்டதென்று கணித்து, படச்சுருளுக்குப் போகும் ஒளியைக் குறைத்துவிடும். மணல் சாம்பலாகும், முகம் கரியாகும். இதற்கு மாற்று வழியைப் பழைய ஸ்டூடியோக்காரர் எவரும் சொல்வர்: முகத்தருகே சென்று, முகத்தின் ஒளியை மட்டும் அளந்து, பிறகு பின்வாங்கி நின்று எடு. ஆக, தொலைவிலேயே நின்றுகொள்பவனுக்குக் குப்பத்து முகம் கறுப்பாகத்தான் விழும். கருவியின் இயல்பே அப்படி.

கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தால் என்ன நிகழும்? காலை ஒளி நேராக முகத்தில் விழும். கண், மூக்கு, வாய் எல்லாம் தெரியும். ஆனால் முகத்தின் பின்னே கூரைகளும் தண்ணீர்க் குடங்களும் பெசன்ட் நகரின் அடுக்குமாடிகளும் வந்து நின்றுவிடும். 'அமைதியான கடலோர வாழ்வு' என்ற தலைப்புக்கு அவை ஒத்துவாரா. முகத்தை இழந்தாலும் பரவாயில்லை, மாடிவீடுகள் வேண்டாமென்றே பலரும் கடலை நோக்கித் திரும்பிக்கொள்கின்றனர் என்பது நம் ஐயம்.

இரண்டாம் வகைப் படம் இதற்கு நேர்மாறானது. அதில் முகத்தைத் தவிர வேறொன்றும் இராது. முதியவர் ஒருவர், சுருக்கங்கள் நிறைந்த நெற்றி, நரைத்த தாடி, பாதி மூடிய கண்கள். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி விழுந்து ஒவ்வொரு சுருக்கத்தையும் பள்ளமாக்கியிருக்கும். பின்புலம் முழு இருள். கீழே 'சோகம்' என்றோ 'காத்திருப்பு' என்றோ ஒரு சொல். 1857இலேயே நிழற்படச் சங்கம் கண்ட நகரம் நம் சென்னை. போட்டிகளுக்கும் பரிசுகளுக்கும் இங்கே குறைவில்லை. அவற்றில் இவ்வகை முகங்கள் எத்தனையோ முறை பரிசு பெற்றிருக்கின்றன. ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் வழங்கும் ஒளியமைப்பு, அதாவது நிழல் விழுந்த கன்னத்தில் முக்கோணமாய்ச் சிறு ஒளித்திட்டு தெரியுமாறு அமைப்பது, இவற்றின் அடிப்படை. திறமைக்கு இங்கே குறைவில்லை. நம் கேள்வி வேறு: அந்தச் சுருக்கம் சோகத்தால் வந்ததென்று யார் சொன்னது?

கடலில் தொழில் செய்பவரின் கண்ணோரக் கோடுகள் பெரும்பாலும் வெயிலால் வந்தவை. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் கண்ணை இடுக்கி, தொலைவில் மீன் துள்ளுமிடம் பார்த்து, வாடையா கொண்டலா கச்சானா என்று காற்றின் போக்கைப் படித்துப் படித்து விழுந்த கோடுகள் அவை. மருத்துவரின் கையெழுத்தைப்போல, தையற்காரரின் வளைந்த முதுகைப்போல, அது தொழிலின் தழும்பு. அதைக் கறுப்பு மையால் ஆழப்படுத்தி 'துயரம்' என்று பெயரிடும்போது, அவரது அறிவைத் துடைத்துவிட்டு நம் இரக்கத்தை அங்கே பூசிவிடுகிறோம்.

நிழலே இல்லாமல் எடுத்துவிட்டால் நேர்மையாகிவிடுமோ என்றால், அதற்கும் நம் நாட்டிலேயே ஒரு கசப்பான எடுத்துக்காட்டு உண்டு. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். மூக்கின் நீள அகலங்களை அளந்து மனிதரை வகைப்படுத்திய காலம் அது. அவ்வகை ஆய்வுக்காக எடுக்கப்பட்ட படங்களில் ஒளி சமமாகப் பரவியிருக்கும். எந்தப் பகுதியும் மறைந்திராது. நேர்முகமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முகம் முழுதும் தெரிகிறது; ஆளைத்தான் காணவில்லை. நிழல் அனைத்தையும் நீக்கிவிட்டால் மனிதர் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ள இடமில்லாது போகிறது.

இங்கேதான் ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் பெண்மணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1879இல் இலங்கை மலையகத்தில் இறந்தவர். 48 வயதில் மகளிடமிருந்து அன்பளிப்பாகக் கருவியைப் பெற்றுப் படமெடுக்கத் தொடங்கினார். 1867இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலின் முகப்படம் உலகப் புகழ் பெற்றது. வெண்முடி கலைந்து கிடக்க, இருளிலிருந்து அந்தக் கிழமுகம் வெளிப்படுகிறது. கண்களில் வியப்பும் சோர்வும் ஒருங்கே உள்ளன. ஒரு பாதி நிழலில் கரைகிறது. (நம் ஸ்டூடியோ இருட்டறைகளில் 'ஹைப்போ' என்று வழங்கிய கரைசல் படத்தை நிலைநிறுத்தும் என்று கண்டறிந்தவர் இதே ஹெர்ஷல்தான் என்பது சுவையான செய்தி.) தாயும் சேயுமாய் அன்னை மரியாளின் சாயலில் அவர் அமைத்த படங்களும் பல. அவற்றில் மாதிரியாய் அமர்ந்தவர்கள் வீட்டு வேலைக்காரப் பெண்கள். அவர்களின் பெயர்கள் இன்றும் நமக்குத் தெரியும்.

1875இல் கேமரன் தம்பதியர் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். அங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சில. தோட்டத் தொழிலாளரும் களுத்துறை ஊராரும் அவற்றில் நிற்கின்றனர். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற நம் மக்கள் என்பதை நினைவில் கொள்க. அப்படங்களில் அழகு இருக்கிறது. மரியாதையும் ஓரளவு இருக்கிறது. ஆனால் ஹெர்ஷலின் முகத்துக்கு முன்னே அவ்வளவு நெருங்கிச் சென்ற அம்மையார், இங்கே சில அடிகள் தள்ளியே நிற்கிறார் என்று தோன்றுகிறது. பெரும்பாலான முகங்களுக்குப் பெயரும் இல்லை. எடுத்தது அதே கை. அவர் கையாண்ட நிழலும் அதுவே. அக்காலப் படத்தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்து, செம்பழுப்பு நிறத்தை உள்ளதைவிடக் கறுப்பாகவே காட்டின என்பதும் உண்மைதான். தகட்டைக் குறை சொல்லலாம். பெயரில்லாமைக்குத் தகடு பொறுப்பாகுமா?

பெயர் என்பது எவ்வளவு பெரிய ஒளி என்பதற்கு நாம் அனைவரும் அறிந்த ஒரு சான்று உண்டு. அன்னை தெரேசாவை ரகு ராய் 1970 முதல் பல ஆண்டுகள் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். கூப்பிய கைகள், கீழ்நோக்கிய கண்கள், உழுத நிலம்போல் கோடுகள் பாய்ந்த முகம். அந்தக் கோடுகளை நாம் வறுமை என்று படிப்பதில்லை. அன்பு என்று படிக்கிறோம். ஏன்? அவர் யாரென்று நமக்குத் தெரியும். அதே கோடுகள் ஒரு மீனவ மூதாட்டியின் முகத்தில் இருந்தால் 'பாவம்' என்கிறோம். ஒளியும் நிழலும் உணர்ச்சியைத் தாமே உண்டாக்குவதில்லை. நாம் கொண்டுவரும் அறிமுகத்தையோ அறியாமையையோ அவை பெருக்கிக் காட்டுகின்றன. கறுப்பு வெள்ளை முகப்படத்தைப் பற்றி நமக்குச் சொல்லத் தோன்றும் செய்தி இதுவே. படத்தில் எத்துணை நயம் இருந்தாலும் இதை மறந்தால் அது பொய்யாகிவிடும்.

தூரின் நகரில் போற்றப்படும் திருத்துணியின் வரலாறும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1898ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் இரவு, செகோந்தோ பியா என்னும் வழக்கறிஞர் மின்விளக்குகளின் துணையோடு அதைப் படம் பிடித்தார். தொழில்முறைக் கலைஞர் அல்லர்; ஆர்வலர். இருட்டறையில் தகட்டைக் கழுவுகையில், நெகட்டிவில் ஒளி நிழலாகவும் நிழல் ஒளியாகவும் மாற, துணியில் மங்கலாய்த் தெரிந்த கறை ஒரு முகமாய் அவரை நோக்கியது. தகடு கைநழுவ இருந்ததாம். 1988இல் மூன்று ஆய்வுக்கூடங்கள் செய்த கதிரியக்கக் கார்பன் சோதனை அத்துணியை 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டதென்றது. 1998இல் தூரினுக்குச் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அதுபற்றித் தீர்ப்புக் கூறுவது திருச்சபையின் பணியன்று, அறிவியலாருக்கு உரியது என்றார். அந்த விவாதத்துக்குள் நாம் புகவில்லை. நமக்கு வேண்டியது இவ்வளவே: அந்த முகம் எப்போதும் துணியில் இருந்தது, பியா அதைக் கண்டது, அதன் முன்னே பொறுமையோடு நின்றதனால். சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் நாம் முழந்தாளிட்டு நினைவுகூரும் வெரோணிக்காவும் கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தால் துணியை நீட்டியிருக்க முடியாது.

கறுப்பு வெள்ளையே வேண்டாமென்று வாதிட்டவர்களும் உளர். ரகுபீர் சிங் வாழ்நாள் முழுதும் வண்ணத்திலேயே எடுத்தவர். 1998இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில், கறுப்பு வெள்ளை மேலைநாட்டு மனத்தின் தனிமைக்கும் குற்றவுணர்வுக்கும் உரியதென்றும், இந்தியக் கண் வண்ணத்திலேயே காண்பதென்றும் வாதிட்டார். நீலமும் மஞ்சளும் பூசிய குப்பத்துச் சுவர்களையும், பச்சை வலைக் குவியல்களையும், படகுகளின் சிவப்பையும் பார்ப்பவருக்கு அவர் சொல்வதில் உண்மை உண்டென்று தெரியும். எனினும் தமிழர்களாகிய நம் விழிகள் முகத்தைப் படிக்கக் கற்றது கறுப்பு வெள்ளைத் திரையில் அன்றோ? 1962இல் வந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே மருத்துவமனை அரங்கு. மூன்றே முக்கிய முகங்கள். ஒளிப்பதிவாளர் அலோஷியஸ் வின்சென்ட் நம் கத்தோலிக்க மரபில் வந்தவர். அழுகையை முழு வெளிச்சத்தில் வைத்துக் காட்டாமல், தேவிகாவின் முகத்தைச் சற்றே நிழலுக்குள் திருப்பிவிடும் அந்த அடக்கத்தை இன்று எத்தனை வண்ணப் படங்களில் காண முடிகிறது? அங்கே நிழல் துயரத்தைப் பெரிதாக்கவில்லை. அதற்குத் திரை போட்டுக் காத்தது.

ஆகவே கறுப்பு வெள்ளைமீது நமக்குக் குறையில்லை. குப்பத்தில் நாம் கண்ட மிகச் சிறந்த ஒளி நண்பகலில் கிடைப்பது. வலை பழுதுபார்க்கப் போட்ட கூரைப் பந்தலின் அடியில், வெளியே வெயிலில் காயும் மணல் தானே ஒரு பெரும் பிரதிபலிப்பானாகிக் கீழிருந்து மெல்லிய ஒளியை முகத்தில் எறிகிறது. புருவத்தடியிலும் கண்குழியிலும் உள்ள இருள் விலகுகிறது, கண்கள் தெரிகின்றன. ஆனால் அந்தப் பந்தலுக்குள் அழைப்பின்றி நுழைய முடியாது. உட்கார்ந்து பேச வேண்டும்; டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்க வேண்டும்.

அப்படி உள்ளிருந்தே எடுப்பவர்களும் இன்று வந்துவிட்டனர். 2022இல் தயானிதா சிங் பெயரிலான ஆவணப்பட நிழற்பட விருதை முதன்முதலாகப் பெற்ற பழனி குமார், மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். தெருவிளக்கு வெளிச்சத்தில் உழைத்த தம் தாயை அவர் எடுத்த படங்களைப் பார்த்தோர் மறவார். அவற்றில் இருள் இருக்கிறது. அது இரவு என்பதால் இருக்கிறது. சேர்த்த இருள் அன்று.

பிறரைக் குறைசொல்லும் உரிமை நமக்கு முழுதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26இன் பேரலைக்குப் பின் ஒரு நினைவு மலர் வெளியானது, பெயர் வேண்டாம். அதற்குப் படங்களைத் தேர்ந்த சிறு குழுவில் நாமும் இருந்தோம். ஒரே பெண்ணின் இரு படங்கள் மேசைமீது கிடந்தன. ஒன்றில் தலையைக் கையில் தாங்கி, முகத்தில் பாதி இருளோடு அமர்ந்திருந்தார். மற்றொன்றில், அடுத்த கணமே எடுத்ததாக இருக்க வேண்டும், பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, பல் தெரியச் சிரித்தார். எல்லோரும் முதற்படத்தையே தேர்ந்தோம். அதுதான் 'உணர்ச்சியுள்ள' படம் என்றோம். உதவி திரட்டுவதற்கு அது பயன்படும் என்றும் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதும் தவறில்லை. ஆனால் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அவர் பெயரும் அடியில் அச்சாகவில்லை. இன்று அந்த மலரை எடுத்துப் பார்த்தால் நமக்கு நினைவுக்கு வருவது அச்சாகாத படம்.

குப்பத்தில் ஒரு வீட்டுச் சுவரில் பழைய ஸ்டூடியோப் படம் ஒன்றைப் பார்த்தோம். மாலையிட்டு, அடியில் சிறு சிவப்பு விளக்கு எரிந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கழுத்துவரை பொத்தானிட்ட வெள்ளைச் சட்டை, கோடுகளே இல்லாத மழமழப்பான முகம். நெகட்டிவின்மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்து சுருக்கங்களை மறைத்து நிறத்தையும் வெளுப்பாக்கும் பழக்கம் அக்கால ஸ்டூடியோக்களில் இருந்தது. வீட்டுக்குரிய மூதாட்டியிடம், "இவர் யார், ஆயா?" என்றோம்.

"எங்க வூட்டுக்காரு. இவ்ளோ செவப்பு கெடையாது சார் அவுரு. ஸ்டூடியோக்காரரு வெளுப்பாக்கிட்டாரு. கடலுக்குப் போற ஆளுக்கு ஏது இந்தக் கலரு?" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "இருந்தாலும் இதான் அவருக்குப் புடிச்ச போட்டோ. காசு குடுத்து அவரே போய் எடுத்துக்கினு வந்தது" என்றார்.

கலை நோக்கில் அது பொய்ப்படம் என்று நாம் சொல்லியிருப்போம். போட்டிக்காரர் சுருக்கத்தைக் கூட்டுகிறார், ஸ்டூடியோக்காரர் குறைக்கிறார். இருவரும் மெய்யிலிருந்து ஒரே தொலைவில்தான் நிற்கின்றனர். ஆயினும் இரண்டாவது பொய், முகத்துக்குரியவர் விரும்பிக் காசு கொடுத்துக் கேட்ட பொய். அந்த வேறுபாட்டை அதுவரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

நம்மோடு வந்த நண்பர் இன்றும் படச்சுருள் போடும் கருவியை வைத்திருப்பவர். அந்த மூதாட்டியைப் படமெடுக்க அனுமதி கேட்டார். "இரு தம்பி" என்று உள்ளே போய் முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்தார். நண்பர், வாசல் ஒளி ஒரு கன்னத்தில் மட்டும் படுமாறு அவரைச் சற்றே திரும்பச் சொன்னார். திரும்பினார். நண்பர் ஒன்று எடுத்தார். நல்ல படமாகத்தான் வந்திருக்கும். ஒளி அத்துணை நேர்த்தியாக இருந்தது. அடுத்ததற்கு அவர் சுருளை நகர்த்துமுன், மூதாட்டி தாமாகவே நேராகத் திரும்பி, இரு கைகளையும் மடியில் வைத்து, கருவியின் கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு கம்மலும் தெரியுதா தம்பி?" என்று கேட்டார்.